ஒரே குடும்பம், இரண்டு கொடைகள்: திருவிதாங்கூர் அறக்கட்டளையின் கணக்கை யார் பார்ப்பது?

புதுதில்லி: நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் முடிந்ததும் அமைச்சர்கள் எழுந்து, தங்கள் துறை சார்ந்த அறிக்கைகளை அவையின் முன் வைப்பது அன்றாடச் சடங்கு. பெரும்பாலான உறுப்பினர்கள் அப்போது இருக்கையை விட்டு எழுந்து கொண்டிருப்பார்கள். அந்தக் காகிதக் கட்டில் அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் சார்பில் ஆண்டுதோறும் வந்து சேரும் ஆவணங்களில் ஒன்று, திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் ஆகும்.

அந்த நிறுவனம் எழுந்து நிற்கும் கட்டடம் ஒரு குடும்பத்தின் கொடை. திருவிதாங்கூர் முன்னாள் அரச குடும்பம் 1973-ம் ஆண்டு அதைக் கேரள மக்களுக்கும் அரசுக்கும் வழங்கியது. இன்று அங்கு செலவாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. விரும்பிய எவரும் நாடாளுமன்ற நூலகத்தில் அதைப் படிக்கலாம்.

அதே குடும்பத்தின் பெயரோடு இணைந்த இன்னொரு கொடையும் உண்டு. 1965-ல் மன்னர் சித்திரைத் திருநாள் பலராம வர்மா தோற்றுவித்த ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயில் அறக்கட்டளை அது. தன் கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டாம் என்று அது உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2021 செப்டம்பர் 22-ம் தேதி அக்கோரிக்கையை நீதிமன்றம் நிராகரித்தது.

ஒரு குடும்பம் தன் செல்வத்தை எதற்குக் கொடுப்பது என்பது அதன் விருப்பம். ஆனால் கொடுத்த பிறகு அது யாருடைய பணம், அதன் முன்னுரிமைகளைத் தீர்மானிப்பது யார், அதைக் கேட்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் திருவனந்தபுரத்தோடு முடிந்து விடுபவை அல்ல.

கட்டடமாகத் தொடங்கியது

1973-ல் அரச குடும்பம் அளித்தது பல மாடிகள் கொண்ட ஒரு கட்டடம். அதைச் சாதாரண மருத்துவமனையாக நடத்துவதா, உயர் சிகிச்சை மையமாக வளர்ப்பதா என்பதை மாநில அரசே முடிவு செய்தது. அப்போது முதல்வராக இருந்தவர் சி. அச்சுத மேனன். உயர் சிகிச்சை மையம் என்று முடிவாயிற்று. இருதய அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் அதன் பொறுப்பை ஏற்றார். 1976-ல் திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்த பி.என். ஹக்ஸர் மையத்தைத் தொடங்கி வைத்தார். பூஜப்புரையில் உள்ள சாட்டெல்மண்ட் அரண்மனையில் உயிரி மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. அரண்மனைக் கூடங்களில் விஞ்ஞானிகள் செயற்கை இருதய வால்வுக்கான பொருள்களைச் சோதித்துக் கொண்டிருந்தனர்.

1980-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இந்நிறுவனத்தை தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவித்தது. நிறுவனத்தின் பேரவையில் மக்களவையும் மாநிலங்களவையும் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. அது முதல் ஆண்டுச் செலவை மத்திய அரசு ஏற்றது. கணக்கைத் தணிக்கை செய்வது தலைமைக் கணக்குத் தணிக்கை அலுவலகம்.

பலன் என்ன என்பதைத் தென் மாவட்டத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் இருதயம், மூளை, நரம்பு தொடர்பான சிக்கலான நோய் என்றதும் பலரும் முதலில் நினைப்பது திருவனந்தபுரத்து "ஸ்ரீ சித்ரா"வைத்தான். நோயாளியின் குடும்ப வருமானத்தைப் பொறுத்து கட்டணச் சலுகை வழங்கப்படுகிறது. அங்கு உருவான செயற்கை இருதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம். இறக்குமதி வால்வின் விலையைக் கேட்டுத் திரும்பிச் சென்றவர்களுக்கு அது வழி காட்டியது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த வால்வு பொருத்தப்பட்டுள்ளது. டாக்டர் வலியத்தான் 2024 ஜூலை 17-ம் தேதி காலமானார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கட்டடத்தை அளித்த குடும்பம், அதில் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தன் கையில் வைத்துக் கொள்ளவில்லை. எந்த நோய்க்கு முதலிடம், எந்த ஆராய்ச்சிக்குப் பணம் என்பதை மருத்துவர்களும் அரசும் தீர்மானித்தனர். கொடுத்தவரின் பெயர் மட்டும் வாசலில் நிலைத்தது.

1965-ல் தோன்றிய அறக்கட்டளை

கோயில் அறக்கட்டளையின் கதை வேறு. அதைப் புரிந்து கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1750-ல் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டை ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கே அர்ப்பணித்தார். "திருப்படி தானம்" என்று அழைக்கப்படும் அந்த நிகழ்வுக்குப் பின் திருவிதாங்கூர் மன்னர்கள் "பத்மநாப தாசர்" என்ற பெயரில், இறைவனின் ஊழியராகவே ஆட்சி செய்தனர். அரசின் பணம், கோயிலின் பணம், குடும்பத்தின் பணம் என்ற கோடுகள் தெளிவாக வரையப்படாத காலம் அது. அரசின் அறச்செலவு எங்கு சென்றது என்பதற்கு அக்கால முன்னுரிமைகளே சாட்சி. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள் நடைபெறும் முறைஜபமும், அதன் நிறைவில் ஏற்றப்படும் லட்சதீபமும் பெரும் செலவு பிடித்தவை. நாடெங்கும் இருந்த ஊட்டுப்புரைகளில் அந்தணர்களுக்கு இலவச உணவு வழங்கப்பட்டது. அதே அரசின் பிரஜைகளில் பெரும்பகுதியினர் கோயில் வாசலைத் தாண்ட இயலாத நிலையில் இருந்தனர். 1936 நவம்பர் 12-ம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டு அந்த வாசலைத் திறந்தவரும் சித்திரைத் திருநாள்தான். மறு ஆண்டே திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது.

சுதந்திரத்துக்குப் பின் கோடுகளை வரைய வேண்டிய கட்டாயம் வந்தது. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது கையெழுத்தான உடன்படிக்கையும், 1950-ம் ஆண்டின் திருவிதாங்கூர் - கொச்சி இந்து சமய நிறுவனங்கள் சட்டமும் பிற கோயில்களை தேவஸ்வம் வாரியத்திடம் ஒப்படைத்தன. பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் மட்டும் "திருவிதாங்கூர் ஆட்சியாளரிடம்" விடப்பட்டது. மன்னர் குடும்பத்துக்கு ஆண்டு மானியமாக 18 லட்சம் ரூபாய் நிர்ணயிக்கப்பட்டது.

1960-களில் சமஸ்தானக் குடும்பங்கள் பலவற்றுக்கும் நெருக்கடி. 1953-ல் எஸ்டேட் வரியும், 1957-ல் செல்வ வரியும் வந்து விட்டன. மன்னர் மானியம் நீடிக்குமா என்ற ஐயம் வலுத்து வந்தது. அறக்கட்டளை அமைப்பது அக்காலத்தில் பல குடும்பங்கள் நாடிய வழி. ஹைதராபாத் நிஜாம் 1954-லேயே தன் பெயரில் அறக்கட்டளை அமைத்து விட்டார். இத்தகைய சூழலில்தான் 1965-ல் பத்மநாபசுவாமி கோயில் அறக்கட்டளை தோன்றியது. கோயிலில் அரச குடும்பம் தொடர்புடைய பூஜைகளையும் சடங்குகளையும் கவனிப்பதே அதன் நோக்கம் என்பது அறக்கட்டளை நீதிமன்றத்தில் கூறிய நிலை.

மன்னர் மானிய ஒழிப்பு மசோதா 1970 செப்டம்பரில் மாநிலங்களவையில் தோற்ற கதையைப் பழைய உறுப்பினர்கள் இப்போதும் சொல்வதுண்டு. ஆதரவாக 149 வாக்குகள், எதிராக 75. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு கூட அல்ல, அதிலும் பின்னமே குறைந்தது. ஆனால் மறு ஆண்டே 26-வது அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறியது. 1971 டிசம்பர் 28 முதல் "ஆட்சியாளர்" என்ற சொல்லுக்கு அரசியல் சாசன அங்கீகாரம் இல்லாமல் போயிற்று.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சொல்லே வழக்கின் மையமானது.

வழக்கு வந்த வழி

சித்திரைத் திருநாள் 1991-ல் காலமானார். தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பொறுப்பேற்றார். "ஆட்சியாளர்" மறைந்த பின் கோயில் நிர்வாகம் அவரது வாரிசுக்கு எப்படிச் செல்லும் என்று கேட்டு, முன்னாள் ஐ.பி.எஸ். அதிகாரியும் வழக்குரைஞருமான டி.பி. சுந்தரராஜன் நீதிமன்றம் சென்றார். 2011 ஜனவரி 31-ம் தேதி கேரள உயர் நீதிமன்றம், அந்த உரிமை வாரிசுக்கு இல்லை என்றும், மாநில அரசு மூன்று மாதங்களுக்குள் கோயிலை ஏற்க ஓர் அமைப்பை உருவாக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை விதித்ததோடு, நிலவறைகளில் உள்ளவற்றைக் கணக்கெடுக்கவும் உத்தரவிட்டது. அதன் பின் நடந்தது உலகறிந்தது. ஒரு நிலவறை திறக்கப்பட்டதும் மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்ற செய்தி பரவியது. முறையான மதிப்பீடு எதுவும் அப்போது நடைபெறவில்லை என்பதை அந்தப் பரபரப்பில் எவரும் பொருட்படுத்தவில்லை. அச்செல்வத்தைக் கொண்டு சாலை போடலாம், கடனை அடைக்கலாம், பள்ளி கட்டலாம் என்று தில்லித் தொலைக்காட்சிகளில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முதல்வராக இருந்த உம்மன் சாண்டி, அது கோயிலின் சொத்து, கோயிலிலேயே இருக்கும் என்று அறிவித்து விவாதத்தைத் தணித்தார். வழக்குத் தொடுத்த சுந்தரராஜன் அதே ஜூலையில், நிலவறை திறந்த சில வாரங்களில் காலமானார்.

இந்தப் பொன் வெளிச்சத்தில் மறைந்து போனது கணக்கு என்னும் சாதாரண விஷயம். நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்குரைஞர் கோபால் சுப்பிரமணியம்தான் அதைத் திரும்பத் திரும்பக் கிளப்பியவர். அவரது அறிக்கையின் அடிப்படையில் 2014 ஏப்ரல் 24-ம் தேதி நிர்வாகம் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் சென்றது. முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி வினோத் ராய் சிறப்புத் தணிக்கைக்கு நியமிக்கப்பட்டார். 2-ஜி அலைக்கற்றை, நிலக்கரி ஒதுக்கீடு அறிக்கைகளால் தில்லியையே உலுக்கியவர், அடுத்ததாகக் கோயில் பதிவேடுகளைப் புரட்டினார்.

இறுதித் தீர்ப்பு 2020 ஜூலை 13-ம் தேதி வந்தது. நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. மன்னர் என்ற பட்டம் போனாலும், ஷெபைத் எனப்படும் ஆலய பரிபாலன உரிமை மரபு வழியில் தொடரும் என்பது அதன் சாரம். குடும்பத்துக்கு இது வெற்றி. கேரளத்தில் அப்போது ஆட்சியில் இருந்த இடதுசாரி அரசும் தீர்ப்பை ஏற்றுக் கொண்டது.

ஆனால் வெற்றிச் செய்தியில் இரண்டு விஷயங்கள் அமுங்கிப் போயின. அன்றாட நிர்வாகம் குடும்பத்திடம் தனியாக விடப்படவில்லை. திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதி தலைமையில், குடும்பத்தின் பிரதிநிதி, மாநில அரசின் பிரதிநிதி, மத்திய கலாசார அமைச்சகத்தின் பிரதிநிதி, தலைமைத் தந்திரி ஆகியோர் அடங்கிய குழுவிடம் அது சென்றது. கொள்கை விஷயங்களில் ஆலோசனை கூற ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் மற்றொரு குழு. கோயில் வருமானமும் காணிக்கையும் பக்தர்களின் வசதிகளுக்கும், ஆலோசனைக் குழு கூறும் சமய, அறக்காரியங்களுக்கும் செலவிடப்பட வேண்டும் என்றது தீர்ப்பு. எதற்கு முதலிடம் என்று முடிவு செய்யும் அதிகாரம், கொடுத்தவரின் குடும்பத்திடமிருந்து ஒரு குழுவின் மேஜைக்கு இடம் மாறியது என்பதே இதன் பொருள்.

இரண்டாவது, கடந்த 25 ஆண்டுகளுக்கான தணிக்கை.

"எங்களுக்கு அது பொருந்தாது"

கரோனா காலத்தில் கோயில்கள் மூடிக் கிடந்தன. ஒரு லட்சம் கோடி ரூபாய் மதிப்பு சொல்லப்பட்ட கோயிலின் நிர்வாகக் குழு, மாதச் செலவு 1 கோடியே 25 லட்சம் ரூபாய், வருமானமோ 60 முதல் 70 லட்சம்தான் என்று உச்ச நீதிமன்றத்தில் கூறியது. பாதுகாப்புக்காகவும் நிர்வாகத்துக்காகவும் மாநில அரசு செலவிட்ட 11 கோடியே 70 லட்சம் ரூபாயை உடனே திருப்பித் தர இயலாது என்றும் அக்குழு முன்னரே தெரிவித்திருந்தது. நிலவறைச் செல்வத்தைத் தொட முடியாது. உண்டியல் நிரம்பவில்லை. பார்வை அறக்கட்டளையின் பக்கம் திரும்பியது.

2013-ம் ஆண்டின் தணிக்கையாளர் அறிக்கைப்படி அறக்கட்டளையிடம் 2 கோடியே 87 லட்சம் ரூபாய் ரொக்கமும், 1 கோடியே 95 லட்சம் ரூபாய் சொத்துகளும் இருந்தன என்று நிர்வாகக் குழுவின் வழக்குரைஞர் ஆர். பசந்த் சுட்டிக் காட்டினார். இப்போது எவ்வளவு உள்ளது என்பதை அறிய முழுமையான தணிக்கை தேவை, கோயிலின் செலவுக்கு அறக்கட்டளை பங்களிக்க வேண்டும் என்பது அவரது வாதம்.

அறக்கட்டளைக்காக வாதாடியவர் மூத்த வழக்குரைஞர் அர்விந்த் தாத்தார். அரச குடும்பம் அமைத்த தனி அறக்கட்டளை இது. கோயில் நிர்வாகத்தில் இதற்குப் பங்கில்லை. மூல வழக்கில் இது ஒரு தரப்பாகவே இருக்கவில்லை. அமிகஸ் அறிக்கையின் மூலமே வழக்குக்குள் வந்தது. ஆகவே தணிக்கை உத்தரவு இதற்குப் பொருந்தாது என்று அவர் வாதிட்டார்.

நீதிபதிகள் லலித், எஸ். ரவீந்திர பட், பேலா திரிவேதி அமர்வு இதை ஏற்கவில்லை. உத்தேசிக்கப்பட்ட தணிக்கை கோயிலோடு நிற்பதல்ல, அறக்கட்டளையையும் உள்ளடக்கியதே என்று தெளிவுபடுத்தியது. கூடுமானவரை மூன்று மாதங்களில் முடிக்கவும் கூறியது. நிர்வாகக் குழுவின் மேற்பார்வைக்கு வெளியே உள்ள சுதந்திர அமைப்பு என்று தன்னை அறிவிக்க வேண்டும் என்ற அறக்கட்டளையின் மற்றொரு கோரிக்கையில் மட்டும் நீதிமன்றம் கருத்துக் கூறவில்லை. உண்மைகளை ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய அதை, உரிய நீதிமன்றத்தில் எழுப்பிக் கொள்ளலாம் என்றது.

தணிக்கை என்பது குற்றச்சாட்டு அல்ல என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். அறக்கட்டளை முறைகேடு செய்தது என்று அந்த உத்தரவு கூறவில்லை. மேலும், நிலவறையோடு ஒப்பிட்டால் ஐந்து கோடிக்கும் குறைவான தொகை சிறியதே. குடும்பத்தின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தன் முன்னோர் தொடங்கிய சடங்குகளுக்குத் தன் பணத்தைச் செலவிடும் குடும்பத்திடம், அந்தப் பணத்தைப் பொதுச் செலவுக்குத் திருப்பி விடு என்று எவரும் கட்டளையிட முடியாது. ஆனால் அந்தப் பணம் குடும்பத்தின் சொந்தப் பணம்தானா, கோயிலின் பெயரால் வந்ததா என்பதற்கு விடை, கணக்கைப் பார்க்காமல் கிடைக்காது. அறக்கட்டளையின் வாதம் தடுமாறிய இடம் இதுவே.

தில்லியின் சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப அறக்கட்டளைகள் தங்கள் முன்னுரிமைகளை விருப்பம் போல் வைத்துக் கொள்ளலாம் என்பதில் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. வரிச் சலுகை கேட்கும்போதுதான் நிபந்தனைகள் தொடங்குகின்றன. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவிட வேண்டும்; பயன் அறக்கட்டளையைத் தோற்றுவித்தவருக்கோ உறவினருக்கோ போகக் கூடாது; நன்கொடையாளருக்கு வரிக் கழிவு வேண்டுமானால் சமயச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பன 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த விதிகள். 2006-ல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது, பெயர் தெரிவிக்காமல் தரப்படும் நன்கொடைக்கு 30 சதவீத வரி வந்தது. உண்டியல் வைத்திருக்கும் கோயில்கள் என்ன செய்யும் என்ற கேள்வி எழும் என்பதால், முழுக்கவும் சமய நோக்கம் கொண்ட அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இவ்வளவு விதிகள் இருந்தும், கணக்கு செல்லும் இடம் வருமான வரி அலுவலகம் மட்டுமே. எந்த அறக்கட்டளை எந்த ஆண்டில் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைப் பொதுமக்கள் அறிய நாடு தழுவிய ஏற்பாடு கிடையாது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் 1950-ம் ஆண்டின் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்ட மரபில் அறநிலைய ஆணையர் இருக்கிறார். கேரளத்தில் அப்படி எல்லா அறக்கட்டளைகளுக்கும் பொதுவான சட்டம் இல்லை. தமிழகத்தில் இந்து சமய அறநிலையத் துறைக்கு உட்பட்டவை தவிர மற்றவற்றுக்கும் இதே நிலைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவின்படி, அக்கறை உள்ள இருவர் நீதிமன்ற அனுமதியுடன் பொது அறக்கட்டளையிடம் கணக்குக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம். அதற்கும் முதலில் அது "பொது" என்று நிறுவியாக வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1969-ம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின், அங்கு தனியார் குடும்ப அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தங்கள் முதலீட்டுச் சொத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தை வழங்கியாக வேண்டும். பெற்றவரின் பெயர், தொகை, நோக்கம் ஆகியவை அடங்கிய படிவம் பொது ஆவணம். ராக்ஃபெல்லர், ஃபோர்டு அறக்கட்டளைகளின் அதிகாரம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்த கடும் விவாதத்தின் விளைவு அது. நம் நாட்டில் 2013-ம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டு அதை வெளியிடவும் வகை செய்தது. அதே நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பம் தனியாக அறக்கட்டளை வைத்திருந்தால், அதற்கு இந்த வெளியீட்டுக் கடமை இல்லை.

தமிழகத்தின் பழைய அனுபவம்

முன்னுரிமை காலத்தோடு மாறலாம் என்பதற்குத் தமிழகத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1794-ல் காலமான காஞ்சிபுரம் பச்சையப்ப முதலியார் எழுதி வைத்த உயிலில் முதலிடம் பெற்றவை கோயில் கைங்கரியங்களும் அன்னதானமும்தான். உயில் நீண்ட காலம் வழக்கில் சிக்கியது. இறுதியில் நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்து, கைங்கரியங்களுக்குப் போக எஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்பியது. 1842-ல் சென்னையில் பள்ளி தோன்றியது. பச்சையப்பன் கல்லூரி வளர்ந்தது அதிலிருந்துதான். உயிலில் சொல்லப்பட்ட சடங்குகள் நிறுத்தப்படவில்லை. கணக்கு பார்க்கப்பட்டதால்தான் உபரி என்று ஒன்று இருப்பதே தெரிய வந்தது.

திருவிதாங்கூரின் கணக்கிலும் தமிழகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 348 பெரிய கோயில்களையும் 1,171 சிறிய கோயில்களையும் அவற்றின் சொத்துகளோடு அரசுடைமையாக்கினார். நிலத்தை எடுத்துக் கொண்ட அரசு, பதிலுக்குக் கோயில் செலவை ஏற்றது. அந்தக் கடன் சுதந்திர இந்தியாவிலும் தொடர்கிறது. அரசியல் சாசனத்தின் 290-ஏ பிரிவின்படி கேரள அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குச் செல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழகத்தோடு இணைந்த பகுதிகளில் உள்ள கோயில்களுக்காக, தமிழக அரசு ஆண்டுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தர வேண்டும். சட்டப்பேரவையில் இதற்கு வாக்கெடுப்பு கிடையாது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்பதும் 1949 உடன்படிக்கை, 1950 சட்டம் வழியே வந்த ஏற்பாடு.

அரசியல் சாசனத்தில் எழுதப்பட்ட இத்தொகைகள் 1956-க்குப் பின் மாறவில்லை. மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் சாசனத் திருத்தமே வேண்டும். அப்போது அது பெரிய தொகை. இப்போது குமரி மாவட்டத்தில் ஒரு கோயிலின் திருப்பணிக்கே போதாது. நவராத்திரி தோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எல்லை தாண்டி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் மரபு இன்றும் தொடர்கிறது. இரு மாநிலக் காவல் துறையும் அணிவகுத்து மரியாதை செலுத்துகின்றன. அந்த ஊர்வலத்தில் பங்கேற்கும் கோயில்களின் வரவு செலவு அறநிலையத் துறையின் ஏட்டில் உள்ளது.

உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட தணிக்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. 2020 தீர்ப்பில் கூறப்பட்டது கடந்த 25 ஆண்டுகளுக்கான கணக்கு. அதாவது ஏறத்தாழ 1995 முதல். அறக்கட்டளை தோன்றியது 1965-ல். அதைத் தோற்றுவித்த சித்திரைத் திருநாள் உயிரோடு இருந்து நடத்திய 26 ஆண்டுகள் உள்பட, முதல் 30 ஆண்டுகளின் வரவு செலவு இந்தத் தணிக்கையின் வரம்புக்குள் வரவில்லை.